இமை அறுவைக்குப் பிறகு கன்றல்: ஆர்னிகா தடவலாமா?

கேள்வி: மேல் இமைத் தோலைக் குறைக்கும் அறுவை முடிந்து இன்று 4ஆம் நாள். கண்ணைச் சுற்றிக் கத்தரிக்காய் நிறம். யாரோ குத்துவிட்ட மாதிரி இருக்கிறேன். அக்கா ஆர்னிகா ஜெல் (கன்றலுக்குத் தடவும் மூலிகை மருந்து) கொடுத்திருக்கிறாள். தையல் இன்னும் பிரிக்கவில்லை. தடவலாமா?

பதில் 1: தையல் மேல் வேண்டவே வேண்டாம். ஆர்னிகாவை ஆறாத தோலில் தடவக் கூடாது, கண்ணுக்குள்ளும் போகக் கூடாது. ஆய்வு முடிவுகளும் கலவைதான்: சிலவற்றில் கொஞ்சம் பலன், சிலவற்றில் ஒன்றுமில்லை. என் மூக்கு அறுவைக்குப் பிறகு கைகொடுத்தது முதல் 2 நாள் குளிர் ஒத்தடமும், தலையை உயர்த்திப் படுத்ததும்தான்.

பதில் 2: பூண்டு மாத்திரை, ஜிங்கோ மூலிகை மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? ரத்தக் கசிவைக் கூட்டலாம். நான் பூண்டு மாத்திரையை மருத்துவரிடம் சொல்லவே இல்லை (அதை மருந்தென்றே நினைக்கவில்லை). கன்றல் தாடை வரை இறங்கியது.

கேட்டவர்: ஐயோ, ஜிங்கோ நேற்றுகூடப் போட்டேனே! மருத்துவரிடம் இப்போதே கேட்கிறேன். ஓரத்தில் லேசாகப் பச்சை தெரிகிறது, அது என்ன?

பதில் 1: ஆறுகிறது என்று அர்த்தம். பச்சை, அப்புறம் மஞ்சள். பெரும்பாலும் 2 வாரத்தில் மறையும். ஆனால் ஒரு கண் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ பார்வை மங்கினாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.