வீட்டிலிருந்தபடியே ஆரி வேலைக்குப் புது வடிவம் தேடுவது எப்படி?

கருங்கல் தையல்காரி:

வணக்கம். கருங்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வீட்டிலிருந்தே ரவிக்கைக்கு ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் பூவேலை, செய்து கொடுக்கிறேன். ஏழு வருடமாகிறது. கல்யாண மாதங்களில் ஆர்டர் குவியும். மற்ற நாட்களில் கிறிஸ்தவப் பிள்ளைகளின் புதுநன்மைச் சட்டையும் பள்ளி ஆண்டுவிழா உடுப்பும்தான் சோறு போடும்.

வைகாசியில் மாமி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எண்பது வயது. அன்றிலிருந்து எனக்கு ரேஷன் கடையும் மருந்துக் கடையும்தான் வெளியூர். முன்பெல்லாம் நூல் வாங்க மார்த்தாண்டம் போகும்போது துணிக்கடை வாசலில் நின்று பொம்மைகளின் முதுகையெல்லாம் பார்த்துவிட்டு வருவேன். இப்போது போன் மட்டும்தான் துணை.

அந்தப் போனில் என்ன கிடைக்கிறது என்கிறீர்கள்? மயில், மாங்காய், தாமரை, யானை. ஒரு மயிலைத் தொட்டுவிட்டால் போதும், பின்னாலேயே நாற்பது மயில்கள் வரிசையில் நிற்கின்றன. ஆர்டர் கொடுப்பவர்களும் அதே படத்தைத்தான் அனுப்புகிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணும் நாத்தனாரும் ஒரே மயிலை முதுகில் சுமந்துகொண்டு நின்றார்கள். இரண்டும் என் கை வேலை. அந்தப் போட்டோவைப் பார்த்ததிலிருந்து ஊசியைத் தொடவே கூச்சமாக இருக்கிறது.

வீட்டை விட்டு நகராமல், இணையத்தில் எங்கே, எப்படித் தேடினால் வேறு ஏதாவது கண்ணில் படும்? காசு கட்டிப் பார்க்கும் இடம் வேண்டாம். ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வாசிப்பேன்.

ஆரல்வாய்மொழிக் காற்று:

போனைக் கீழே வைத்துவிட்டு வெளியே வாருங்கள், அம்மா. பத்மநாபபுரம் அரண்மனை உங்களுக்கு எத்தனை தூரம்? வாசல் மண்டபமான பூமுகத்தின் கூரையை அண்ணாந்து பாருங்கள். மரத்தில் செதுக்கிய பூக்கள், ஒன்றைப்போல் இன்னொன்று இராது. திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போகலாம். விடியற்காலையில் தோவாளைப் பூச்சந்தைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். இணையத்தில் தேடுகிறாராம்!

கருங்கல் தையல்காரி:

அண்ணாச்சி, நீங்கள் வந்து அரை நாள் மாமியைப் புரட்டிப் படுக்கவைத்துக் கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொண்டால் நான் நாளைக்கே பூமுகத்தில் நிற்பேன். கேள்வியின் முதல் வரியிலேயே ‘வீட்டிலிருந்தபடியே’ என்று போட்டிருக்கிறேன்.

தக்கலை டிராயிங் மாஸ்டர்:

மக்களே, கோபித்துக்கொள்ளாதே. அவர் சொன்ன கூரை போனுக்குள்ளும் இருக்கிறது. விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படத் தளத்தில் பத்மநாபபுரம் அரண்மனை என்று தேடினால் பலர் எடுத்துப் போட்ட படங்கள் வரும். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

நீ தேடும் சொல்தான் தவறு. ‘பிளவுஸ் டிசைன்’ என்று தேடினால் இன்னொரு தையல்காரி தைத்து முடித்ததுதான் வரும். அவளும் வேறொருத்தியைப் பார்த்துத் தைத்தவள். அந்தச் சொல்லை விடு. ஒரு பொருளின் பெயரைத் தேடு. பலாச்சுளை, சிப்பி, வாழைப்பூ, எதுவானாலும் சரி. தேடும் இடத்தையும் மாற்று. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இல் 3,75,000 படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. பழைய துணி, சரிகை, ஓடு, நகை எல்லாம் கிடக்கின்றன. பெரிதாக்கினால் சில துணிகளில் இழை இழையாகத் தெரியும்.

உனக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன். பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்துக்குப் போ. அங்கே ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்ற நூலை ஆங்கில எழுத்தில் தேடு. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் தலைவராக இருந்த வான் ரீடு தொகுத்தது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சானது. 700-க்கு மேற்பட்ட செடிகள். இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர் முதலானவர்கள் பெயரும் குணமும் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னாளில், 1741-இல், நம் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றதும் அதே கம்பெனிதான். அதற்கு அறுபது வருடம் முன்பே நம் தென்னையையும் பனையையும் ஓலை ஓலையாக எண்ணி வரைந்து வைத்துக்கொண்டார்கள்! லத்தீன் தெரியவில்லையே என்று பயப்படாதே. எனக்கும் தெரியாது. படத்தைப் பார்த்தால் போதும்.

ஒரே ஒரு நிபந்தனை. ஒரு படத்தைப் பத்து நிமிடம் பார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நினைவிலிருந்து வரை. மறந்துபோன இடத்தில் உன் கை ஏதாவது ஒன்றைப் போட்டு நிரப்பும். அதுதான் உன்னுடையது. பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பாதிப் பேர் கவிழ்த்து வைத்த புத்தகத்தைத் திருட்டுத்தனமாகத் திருப்பிப் பார்ப்பார்கள், அது வேறு கதை.

முளகுமூடு லேஸ்:

மாஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், அக்கா. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத் தளத்தில் தேடும்போது ‘ஓப்பன் ஆக்சஸ்’ என்ற கட்டத்தை டிக் செய்துவிடுங்கள். அந்தப் படங்களை விற்பனைக்குச் செய்யும் வேலையிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். மற்ற தளங்களில் கிடைப்பதெல்லாம் அப்படி இல்லை. என் குரோஷாப் பின்னல் டிசைன் ஒன்றை யாரோ அப்படியே எடுத்து விற்றபோது எனக்கு எவ்வளவு எரிந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

ஆன்டிக் பேட்டர்ன் லைப்ரரி என்ற தளத்தில் பழைய லேஸ், எம்பிராய்டரிப் புத்தகங்களை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். நாகர்கோவில் பெண்களுக்கு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர் மார்த்தா மால்ட் என்ற மிஷன் அம்மா. அந்தக் காலத்து ஐரோப்பியப் புத்தகங்களைப் புரட்டினால், என் பாட்டி பெட்டியில் கிடந்த மேசை விரிப்பின் ஓரம் அங்கே இருக்கிறது!

கருங்கல் தையல்காரி:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மாஸ்டர் சொன்ன நூல் கிடைத்தது. திறப்பதற்குள் நெட் மூன்று முறை அறுந்தது, மழைதான் காரணம். முதல் தொகுதியில் முதல் படமே தென்னை. கொஞ்சம் தள்ளிப் பனை.

படத்தின் ஓரத்தில் மலையாள எழுத்து இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது. மாமி சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தப் பக்கம் திருவிதாங்கூர். 1956-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அவர் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். கண்ணாடியை மாட்டிவிட்டுப் போனை முகத்துக்கு நேராகப் பிடித்தேன். பழைய எழுத்து என்று முனகிக்கொண்டே கூட்டிக் கூட்டி, “கரிம்பன” என்றார். அப்புறம் நிறுத்தவே முடியவில்லை. மாமியின் அப்பா பனையேறி. குருத்து, பாளை, பன்னாடை, மட்டை, கருக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வைகாசிக்குப் பிறகு அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கருக்கில் தொடை கிழிந்த கதையை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வரைந்தேன். மாஸ்டர், நானும் ஒரு தடவை திருட்டுத்தனமாகத் திருப்பிப் பார்த்தேன். கை ஓரத்துக்குக் கருக்கின் பல் வரிசை. முதுகுக்குப் பன்னாடை போலக் குறுக்கும் நெடுக்குமாக ஜரிகை வலை. வலை நடுவே சீவிய நுங்கின் மூன்று கண்கள், கண்ணுக்கு ஒரு முத்து. தாளில் துளை போட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்த்துத் துணியில் இறக்கிவிட்டேன். ஆர்டர் கொடுத்த பெண் பார்த்துவிட்டு, “இது என்ன பூ, அக்கா?” என்று கேட்டாள். நுங்கு என்றதும் சிரித்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

துணி மெரூன் பட்டு. கருக்குப் பல்லுக்குக் கருப்பு நூல் போடச் சொல்கிறார் மாமி, பனைமட்டையின் கருக்கு கருப்புத்தான் என்கிறார். மெரூனில் கருப்பு அமுங்கிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய தங்க ஜரிகை போடலாமா? இன்று மாலைக்குள் யாராவது சொன்னால் நல்லது, சட்டத்தில் துணி மாட்டியாகிவிட்டது.