1971 ஜூன் 17 அன்று நிக்சன் போர் அறிவித்தாரா இல்லையா?

மாறன் மதுரை:
நேற்று ஒஹாயோ ரவி இங்கே ஒரு பதிவு போட, ஆளாளுக்குக் கைதட்டியிருக்கிறார்கள். "அமெரிக்காவுக்கு எதைக் கண்டாலும் போர்தான். 1964இல் வறுமை மீது போர் அறிவித்தார்கள். 1971 ஜூன் 17இல் அதிபர் நிக்சன் போதைப்பொருள் மீது போர் அறிவித்தார். அதே வருடம் டிசம்பரில் புற்றுநோய் மீது. 2001இல் பயங்கரவாதம் மீது. இதில் ஜெயித்தது எது?" என்று கேட்டிருக்கிறார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1971 ஜூன் 17 அன்று நிக்சன் போர் அறிவிக்கவில்லை. அன்றைய பேச்சை வரிவரியாகப் படித்தவன் நான். போதைப் பழக்கம்தான் நாட்டின் முதல் எதிரி, அதை முறியடிக்க முழு மூச்சாக ஒரு புதிய தாக்குதல் தொடுக்க வேண்டும் என்றார். "போதைப்பொருள் மீது போர்" என்ற தொடரே அதில் கிடையாது.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த நாட்டில் போர் அறிவிக்கும் அதிகாரம் அவர்கள் நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத்தான். இதுவரை மொத்தம் 11 முறை, ஐந்து போர்களுக்காக அறிவித்திருக்கிறார்கள். கடைசியாக 1942 ஜூனில் பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. கொரியாவில் முப்பத்தாறாயிரம் அமெரிக்க வீரர்கள் செத்தார்கள், அதை அன்றைய அதிபர் ட்ரூமன் போலீஸ் நடவடிக்கை என்றார். வியட்நாமில் 58,000க்கும் மேல், அறிவிப்பு கிடையாது. எல்லாவற்றின் மீதும் போர் அறிவிக்கிற நாடு என்று எழுதுவதற்கு முன்னால் இதையெல்லாம் பார்த்திருக்க வேண்டாமா?

ஒஹாயோ ரவி:
தாக்குதல் தொடுக்கச் சொன்னால் அது போர் இல்லையாம். பின்னே என்ன, பூவா தொடுக்கச் சொன்னார்? மாறன் அண்ணே, 1973 மார்ச் 28 அன்று காங்கிரஸுக்கு அதே நிக்சன் அனுப்பிய செய்தியை எடுத்துப் பாருங்கள். போதைப்பொருள் அபாயத்தின் மீது இந்த அரசு உலகம் தழுவிய முழுப் போரை அறிவித்துவிட்டது என்று இருக்கும். அறிவித்துவிட்டது, முடிந்த காலம். 1971இல் அறிவிக்கவில்லையென்றால் பிறகு எப்போது அறிவித்தாராம்?

மாறன் மதுரை:
1973 என்பது 1973. நீங்கள் எழுதியது 1971 ஜூன் 17. இரண்டு வருடம் கழித்துச் சொன்னதைத் தூக்கி முன்தேதியில் ஒட்டக்கூடாது.

"முதல் எதிரி" என்ற பேச்சும் போர்க்களத்துப் பேச்சு இல்லை தம்பி, போலீஸ் பேச்சு. 1934இல் ஜான் டில்லிஞ்சர் என்ற வங்கிக் கொள்ளைக்காரனைத்தான் அப்படிச் சொன்னார்கள். 1974இல் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு விலைவாசி உயர்வையும் முதல் எதிரி என்றார். என்றுவிட்டு மக்களிடம் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லையைக் கொடுத்தார். பீரங்கியா கொடுத்தார்?

ஜூன் 17 அன்று நிக்சன் காங்கிரஸிடம் கேட்ட புதிய பணத்தில் 10.5 கோடி டாலர் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் மட்டும். பொறுப்பாகப் போட்டது டாக்டர் ஜெரோம் ஜாஃபி என்ற மனநல மருத்துவரை. வியட்நாமிலிருந்து திரும்பும் சிப்பாய்கள் ஹெராயினோடு வருகிறார்கள் என்ற பயத்தில் எடுத்த ஏற்பாடு அது. போர் அறிவிக்கிறவன் மருத்துவரையா தளபதியாகப் போடுவான்?

பானு கோவை:
தேதியை விடுங்கள் இரண்டு பேரும். "ஜெயித்தது எது" என்று ரவி கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. வறுமை மீதான போரைத் தோற்ற கணக்கில் எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. 1964இல் அமெரிக்காவில் நூற்றுக்கு 19 பேர் வறுமையில் இருந்தார்கள். 1973இல் அது 11 ஆனது. ஏழைகள் உணவு வாங்க உணவு முத்திரைச் சட்டம், வயதானவர்களுக்கு மெடிகேர் மருத்துவக் காப்பீடு, ஏழைகளுக்கு மெடிக்கெய்ட் மருத்துவ உதவி, ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கு முந்தைய கல்விக்கு ஹெட் ஸ்டார்ட், எல்லாம் 1964, 1965 இரண்டு வருடத்தில் வந்தவை. 1988இல் அதிபர் ரீகன் வந்து, நாம் வறுமை மீது போர் அறிவித்தோம், வறுமை ஜெயித்துவிட்டது என்று ஒரு வரியில் சொன்னார். அந்த வரிதான் எல்லார் வாயிலும் நிற்கிறது. சோறு போட்ட திட்டம் ஒருவர் வாயிலும் இல்லை.

மாறன் மதுரை:
பானு, நீங்கள் சொல்வது என் பேச்சுக்குத்தான் பலம். 1964 ஜனவரி 8 அன்று அதிபர் ஜான்சன் என்ன சொன்னார்? இந்த அரசு இன்று, இங்கே, இப்போதே வறுமை மீது நிபந்தனையற்ற போரை அறிவிக்கிறது என்றார். அறிவிப்பு என்றால் அப்படி இருக்க வேண்டும். அதையும் ஜூன் 17 பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

பானு கோவை:
நான் பேசியது சோற்றைப் பற்றி. நீங்கள் மறுபடியும் ஜூன் 17க்கே போய்விட்டீர்கள்.

செல்வி:
நான் இங்கே புற்றுநோய் வார்டில் 14 வருடமாகச் செவிலியாக வேலை பார்க்கிறேன். எங்கள் தளத்தில் சுவரில் ஒரு பித்தளை மணி இருக்கிறது. கீமோ முடிந்தவர்கள் அதை அடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள், நாங்கள் எல்லோரும் நின்று கைதட்டுவோம். போன குளிர்காலத்தில் ஒரு அம்மா இருந்தார். நோய் எலும்புக்குப் போய்விட்டது, அவருக்குச் சிகிச்சை முடியவே முடியாது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் போர்வையை இழுத்துக் காது வரை மூடிக்கொள்வார். ஒருநாள், கதவைச் சாத்திவிடு, நான் சண்டை போடாதவள் என்று இவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்றார். அவர் இறந்த பிறகு, நோயோடு போராடித் தோற்றார் என்றுதான் இரங்கல் குறிப்பிலும் போட்டிருந்தார்கள். அவர் எதில் தோற்றார்? ரவி சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது. நோயைப் போர் என்று சொல்லிவிட்டால் சாகிறவர் தோற்றவராகிவிடுகிறார். அந்தச் சொல்லை மேலே இருந்து யாரோ சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், படுக்கையில் கிடப்பவர்தான் சுமக்கிறார்.

ஒஹாயோ ரவி:
அக்கா, இதைத்தான் நான் சொல்ல வந்தேன். எனக்கு இவ்வளவு நன்றாக எழுத வரவில்லை.

சொல்தானே என்று மாறன் அண்ணன் நினைக்கிறார். சொல் வந்தால் பின்னாலேயே சாமானும் வரும். எங்கள் ஊர் மொத்தமே பதினோராயிரம் பேர். ஜூலை 4 ஊர்வலத்தில் போலீஸ் வண்டி என்று ஒன்று வந்தது, ஆள் உயரத்துக்குச் சக்கரம், வெடிகுண்டு வெடித்தாலும் கவிழாத கவச வண்டி. கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கதவு ஓரம் பெயின்ட் உரிந்த இடத்தில் பழைய மணல் நிறம் தெரிந்தது. ஈராக் மாதிரி இடங்களுக்கென்று செய்தது. ராணுவத்தில் மிஞ்சியதைப் போலீஸுக்குக் கொடுக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது, 1990இல் போதைப்பொருளைப் பிடிக்க என்று சொல்லித்தான் அதைத் தொடங்கினார்கள். என் மகன் அந்த வண்டியின் படியில் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

1986 சட்டத்தைப் பாருங்கள். புகைக்கிற வகையான கிராக் கோகெய்ன் 5 கிராம் விற்க வைத்திருந்தால் ஐந்து வருடம் கட்டாயச் சிறை. 5 கிராம் என்றால் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை கொஞ்சம் குவித்து எடுத்தது மாதிரி. அதே ஐந்து வருடத்துக்குத் தூள் கோகெய்ன் 500 கிராம் இருக்க வேண்டும். கிராக் வழக்குகளில் உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 2010இல்தான் அந்த அளவை மாற்றினார்கள், அதுவும் முழுதாகச் சமன் செய்யவில்லை. நோயாளி என்று சொல்லியிருந்தால் இப்படி ஒரு சட்டம் வந்திருக்குமா? எதிரி என்று சொன்னதால் வந்தது. 1971இல் சொன்னதால்.

மாறன் மதுரை:
கடைசி வரியில் மறுபடியும் 1971. 1986 சட்டம் ரீகன் காலத்துச் சட்டம் தம்பி. அதை நிக்சன் தலையில் கட்டாதீர்கள்.

புலவர் ஆறுமுகம்:
பூவா தொடுக்கச் சொன்னார் என்று ரவி கேட்டதைப் பார்த்தேன். தமிழில் பூவும் தொடுப்போம், அம்பும் தொடுப்போம், வழக்கும் தொடுப்போம், போரும் தொடுப்போம். போருக்கே பூச்சூடித்தான் போனார்கள். ஆநிரை கவர வெட்சி, மண்ணைப் பிடிக்க வஞ்சி, மதிலை வளைக்க உழிஞை, நேருக்கு நேர் மோதத் தும்பை, ஜெயித்தால் வாகை. எந்தப் பூ என்று பார்த்தாலே எந்தச் சண்டை என்று தெரிந்துவிடும். நோய்க்கும் விலைவாசிக்கும் ஒரு பூ கிடையாது. ஆகவே அந்தச் சொல்லை அங்கே கொண்டுபோவது பிழை என்பதே என் கருத்து.

மாறன் மதுரை:
ஐயா, மன்னிக்கணும், நிக்சன் பேசியது ஆங்கிலத்தில். வெட்சியும் வஞ்சியும் இங்கே எதற்கு?

புலவர் ஆறுமுகம்:
தொடுத்தல் என்ற தமிழ்ச் சொல்லை இங்கே முதலில் போட்டவர் நீங்கள். உங்கள் சொல்லுக்குத்தான் நான் பொருள் சொன்னேன். தமிழ் சொன்னால் எதற்கு என்று கேட்கிற பழக்கம் உங்களுக்கு எப்போதுமே உண்டு, கல்வெட்டு பற்றிய பேச்சிலும் இதையேதான் செய்தீர்கள்.

குளத்தூரான்:
நம்மூரிலும் இந்த வியாதி இருக்கிறதே, அதை யாரும் சொல்லவில்லை. சாக்கடை அடைத்தால் "போர்க்கால அடிப்படையில் பணி". மழைநீர் நின்றால் "போர்க்கால அடிப்படையில் அகற்றம்". எங்கள் தெருவைப் போர்க்கால அடிப்படையில் தோண்டிப் போட்டு ஏழு மாதம் ஆகிறது. 2020 மார்ச்சில் பிரதமர், மகாபாரதப் போர் 18 நாளில் முடிந்தது, கரோனாவோடு இந்தப் போர் 21 நாள் என்றார். முடிந்ததா? அமெரிக்காவைச் சொல்ல நமக்கு என்ன தகுதி?

ஒஹாயோ ரவி:
நம்மூரில் சாக்கடைக்குப் பட்டாளம் வரவில்லை குளத்தூரான். இங்கே வந்தது. ஒரு நாட்டின் தலைவரைப் போதைப்பொருள் வழக்கில் பிடிப்பதற்கு 1989 டிசம்பரில் இருபதாயிரம் பேருக்கு மேல் பனாமாவில் இறக்கினார்கள். அந்தத் தலைவர் நொரியேகாவைப் பிடித்து விமானத்தில் ஏற்றி ஃபுளோரிடா நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அது என்ன, பேச்சா?

மாறன் மதுரை:
ஆஹா, பனாமா. போன தடவை கால்வாய் திறந்தது 1904 என்று எழுதியவர் நீங்கள்தானே? 1914 என்று நான் திருத்தின பிறகு இரண்டு வாரம் ஆளையே காணோம். இப்போது பனாமா சொல்லித்தர வந்துவிட்டீர்கள். ஆனால் நல்ல உதாரணம். அங்கே போர் அறிவித்தார்களா? இல்லை. படை போனது, குண்டு விழுந்தது, ஜனங்கள் செத்தார்கள், அறிவிப்பு மட்டும் இல்லை. நான் காலையிலிருந்து கத்துவது இதைத்தான். அறிவிக்க வேண்டிய இடத்தில் அறிவிப்பதில்லை. அறிவித்தால் காங்கிரஸில் விவாதம் வரும், யார் கை தூக்கினார்கள் என்று கணக்கு வரும். 2001 செப்டம்பரில் என்ன நடந்தது? கோபுரங்கள் விழுந்து மூன்றாம் நாள், போர் அறிவிப்பாக இல்லாமல், படையைப் பயன்படுத்த அனுமதி என்று ஒரு தீர்மானம். கீழவையில் 420 பேர் சரி என்றார்கள், பார்பரா லீ என்ற ஒரே ஒரு பெண்மணி வேண்டாம் என்றார். மேலவையில் 98 பேர் சரி, எதிர்க்க ஒருவர்கூட இல்லை. அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு எத்தனை நாட்டில், எத்தனை வருடம் நடத்தினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ரவி போன்றவர்கள் எல்லாவற்றையும் "போர் அறிவித்தார்கள், போர் அறிவித்தார்கள்" என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதால்தான் அறிவிக்காத போர் எது என்று ஜனங்களுக்குத் தெரியாமலே போகிறது. எனக்குக் கோபம் அதனால்தான். தேதியைப் பிடித்துத் தொங்குகிறேன் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். தேதியை விட்டால் பிறகு எதைப் பிடிப்பது?

ஒஹாயோ ரவி:
கால்வாய் விஷயத்தில் அது தட்டச்சுப் பிழை என்று அன்றைக்கே சொன்னேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார், அதனால் வரவில்லை. உங்களிடம் விளக்கம் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இல்லை. ஊரில் உட்கார்ந்துகொண்டு 1971 பேச்சை மனப்பாடம் செய்தவருக்கு இங்கே வாழ்கிறவன் கண்ணால் பார்த்தது பெரிதாகத் தெரியாது.

மாறன் மதுரை:
இங்கே வாழ்கிறேன், இங்கே வாழ்கிறேன். அந்த நாட்டில் குடியிருந்தால் அந்த நாட்டின் வரலாறு தானாக வந்துவிடுமா? மீனாட்சி கோயில் வாசலில் கடை வைத்திருக்கிறேன், அதற்காகக் கோபுரத்தைக் கட்டியது நான் என்றா சொல்கிறேன்? அப்பா உடம்புக்கு வருந்துகிறேன், அது வேறு.

செல்வி:
நான் எழுதியதை யாராவது படித்தீர்களா?

மாறன் மதுரை:
படித்தேன் அக்கா. மனது கஷ்டமாக இருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், 1971 ஜனவரியில் நிக்சன் அதற்கென்று கூடுதலாக 10 கோடி டாலர் கேட்டபோதும் புற்றுநோய்க்கு மருந்து காண ஒரு தீவிர இயக்கம் என்றுதான் சொன்னார். அணுவைப் பிளந்தது போல, நிலவுக்குப் போனது போல ஒரு முயற்சி என்றார். மேரிலாந்தில் உயிரி ஆயுதம் செய்துகொண்டிருந்த ஃபோர்ட் டெட்ரிக் கூடத்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குத் திருப்பிவிட்டதும் அதே வருடம்தான். அங்கேயும் அவர்...

செல்வி:
சரி தம்பி. எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

பானு கோவை:
அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னவருக்கு இந்தப் பதிலா?

மாறன் மதுரை:
நான் மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்லவில்லை பானு. இரவு கடையை மூடிவிட்டு வந்து ஜூன் 17 பேச்சு முழுவதையும் தமிழில் எழுதி இங்கே போடுகிறேன். எல்லோரும் படித்துவிட்டு, எந்த வரியில் போர் அறிவித்தார் என்று விரல் வைத்துக் காட்டுங்கள்.

ஒஹாயோ ரவி:
1973 மார்ச் 28 செய்தியையும் சேர்த்தே போடுங்கள்.

மாறன் மதுரை:
அது வேறு செய்தி.