மறுமொழி: டேகிங், டிராக்கிங், லொகேட்டிங் – தமிழில் எப்படிச் சொல்வது?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி. தம்பி மொழிபெயர்க்கும் கட்டுரை ஈராக் போரைப் பற்றியது. அமெரிக்கப் படைக்கு எதிரித் தலைவர்களைத் தேடிப்பிடித்துக் கொல்ல ஒரு ரகசிய வழி கிடைத்துவிட்டது, 2007-க்குப் பிறகு அங்கே வன்முறை குறைந்ததற்கு அதுவும் பெரிய காரணம் என்று செய்தியாளர் பாப் உட்வர்ட் 2008 செப்டம்பரில் எழுதினார். தொலைக்காட்சியில் பேசும்போது, அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டத்தோடு அதை ஒப்பிட்டார். அது என்ன என்பதை மட்டும் சொல்லவில்லை. விடுவார்களா? கண்ணுக்குத் தெரியாத சாயம், தூசி அளவு உணரி, ஆளின் உடல் வாடை என்று ஆளாளுக்குக் குறிசொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது அடிக்கடி அடிபட்ட பெயர்தான் நாம் மூன்று நாளாக மல்லுக்கட்டும் இந்த மூன்று சொற்கள்.

> மூன்றையும் சேர்த்து ‘ஒற்றாடல் நுட்பம்’ என்றால் போதும். வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறாரே.

ஐயா, மன்னிக்க வேண்டும். ஒற்றன் என்றால் ஆள். போவான், பார்ப்பான், வந்து சொல்வான். இங்கே அப்படி யாரும் போவதில்லை. தேடப்படுகிறவனின் கைப்பேசியோ வியர்வையோதான் அவனைக் காட்டிக்கொடுக்கிறது.

> ‘ஆளறி நுட்பம்’ எப்படி?

முகத்தைப் பார்த்து இன்னார் என்று சொல்லும் கருவிக்கு அது பொருந்தும். அதற்கே வைத்துக்கொள்வோம். இங்கே யார் என்பது முன்பே தெரியும். எங்கே என்பதுதான் கேள்வி.

லொகேட்டிங் பற்றிச் சண்டை இல்லை, இடங்காணல். டிராக்கிங்குக்குக் கணினிக்காரர்கள் ‘தடமறிதல்’ என்று ஏற்கெனவே புழங்குகிறார்கள், அதைக் கலைக்க வேண்டாம். சிக்கல் டேகிங்கில்தான், அதாவது தேடப்படுகிறவன் மேல் ஓர் அடையாளம் வைப்பதில்.

நான் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரில் ஆட்டுக்குக் காதை வெட்டி அடையாளம் வைப்பார்கள், மாட்டுக்குச் சூடு போடுவார்கள். இப்போது 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை ஒன்றைக் காதில் மாட்டுகிறோம், காதுவில்லை என்றால் எந்த விவசாயிக்கும் தெரியும். அதனால் முதலில் ‘குறிவில்லை’ என்று எழுதி அனுப்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மாஸ்கோ கதை நினைவுக்கு வந்து கையைக் கட்டிப்போட்டது.

1985 ஆகஸ்டில் அமெரிக்க வெளியுறவுத் துறை ஒரு குற்றச்சாட்டை வெளியிட்டது. மாஸ்கோவில் இருக்கும் தங்கள் தூதரக ஊழியர்கள் யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்று அறிய, சோவியத் உளவுத்துறை ஒரு ரசாயனப் பொடியைப் பயன்படுத்துகிறது என்றது. கார் ஸ்டீயரிங்கிலும் கதவுக் கைப்பிடியிலும் தடவிவிட்டால் போதும், கையில் ஒட்டி, அந்தக் கை தொட்ட இடத்துக்கெல்லாம் பரவும். இதுவும் டேகிங்தான். ஆனால் வில்லை எங்கே இருக்கிறது? இந்தப் பொடிக்குத் தனியாக ‘தடப்பொடி’ என்று ஒரு சொல் எழுதி வைத்திருக்கிறேன்.

இதையே யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. இந்த ஊகங்கள் எல்லாம் இரண்டு குடும்பம். ஒன்று, ஒருவன் மேல் அடுத்தவன் இடுவது. மற்றது, அவனே அறியாமல் விட்டுச் செல்வது.

இரண்டாவதற்கு வியட்நாம் போர் நல்ல சாட்சி. காட்டுக்குள் மறைந்திருப்பவர்களைக் கண்டுபிடிக்க, மனித உடலிலிருந்து வரும் அமோனியாவை மோப்பம் பிடிக்கும் பெட்டியை ஹெலிகாப்டரில் கட்டிப் பறந்தார்கள். கீழே இருந்தவர்கள் சிறுநீர் வாளிகளை மரங்களில் தொங்கவிட்டு அதை ஏமாற்றினார்களாம். லாவோஸ் வழியாகப் போன ஹோ சி மின் பாதை நெடுகச் செடி போலத் தோன்றும் ஆன்டெனாவோடு அதிர்வு உணரிகளை விமானத்திலிருந்து போட்டு, தாய்லாந்தின் நகோன் பனோம் தளத்தில் கணினி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்ததும் அதே காலம். செச்சென் தலைவர் துதாயேவ் 1996 ஏப்ரல் 21 அன்று செத்தது செயற்கைக்கோள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது; அந்த அலைதான் அவர் இருந்த இடத்தை ரஷ்யப் படைக்குக் காட்டிக்கொடுத்தது. 2018 ஜனவரியில், ஓட்டப்பயிற்சிச் செயலி ஒன்று வெளியிட்ட உலக வரைபடத்தில், பாலைவனத்து நடுவே ராணுவ முகாம்களின் வடிவம் பளிச்சென்று தெரிந்தது. சிப்பாய்கள் காலையில் ஓடியதன் கோடு அது. இவர்கள் மேல் யாரும் எதையும் ஒட்டவில்லை.

இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டு இல்லை. இட்டதைக் கண்டுபிடித்துவிட்டால் கழற்றிப் போடலாம், கழுவலாம். விட்டதை என்ன செய்ய? பொய்யாக இன்னொன்றை விட வேண்டும், அந்தச் சிறுநீர் வாளி மாதிரி.

ஆகவே என் முன்மொழிவு: இட்டது ‘இடுகுறி’, விட்டது ‘விடுசுவடு’. இடுகுறித் தடமறிதல், சுவடுத் தடமறிதல் என்று பிரித்துச் சொன்னால் எந்த ஊகம் எந்த வகை என்று வாசிப்பவருக்கு உடனே புரியும்.

---

மறுமொழி: மறுமொழி: டேகிங், டிராக்கிங், லொகேட்டிங்

அன்புள்ள மருத்துவருக்கு,

ஒற்றாடலைக் கைவிடுகிறேன், வருத்தத்தோடுதான். தடப்பொடி அருமை, யாரும் கை வைக்க வேண்டாம். ஆனால் இடுகுறி? முப்பது வருடம் வகுப்பில் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று கத்தியவன் நான். இந்தச் சொல்லைப் பார்த்ததும் எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் இலக்கணப் பாடம்தான் ஞாபகம் வரும். போதாததற்குக் ‘குறி’ என்றாலே ‘குறிவைத்தல்’ கூடவே வந்து நிற்கிறது. தூதரக ஊழியரைப் பின்தொடர்ந்தார்கள், சுடவில்லையே.

இன்னொன்று. 2019-இல் செய்தியில் வந்த லேசர் கருவியை எங்கே வைப்பீர்கள்? அமெரிக்கச் சிறப்புப் படைகளுக்காகச் செய்தது, 200 மீட்டருக்கு அப்பாலிருந்து சட்டைக்கு மேலேயே இதயத் துடிப்பை அளந்து இன்னார் என்று சொல்லுமாம், தடித்த கோட்டு போட்டிருந்தால் முடியாதாம். யாரும் இடவும் இல்லை, அவன் விடவும் இல்லை. போய்த் தொட்டு எடுத்து வருகிறது.

---

மறுமொழி: மறுமொழி: மறுமொழி: டேகிங், டிராக்கிங், லொகேட்டிங்

ஐயா, லேசர் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். இரண்டு குடும்பம் என்றது அவசரம், மூன்று என்று திருத்திக்கொள்கிறேன். அந்தக் கருவி செய்வது நம் வைத்தியர் கைபிடித்துப் பார்ப்பதைத்தான், தூரத்திலிருந்து. ‘தொலைநாடி’ என்று வைக்கலாமா? ஆளறி நுட்பத்தையும் இங்கே கொண்டுவந்து சேர்த்துவிடலாம், அனுப்பிய நண்பருக்கும் வருத்தம் இருக்காது.

இடுகுறியை மட்டும் நான் விட மாட்டேன். வில்லை என்றால் கண்ணாடி வில்லையும் உண்டு, மாத்திரை வில்லையும் உண்டு, காதுவில்லையும் உண்டு. மாட்டுக்கு யாரும் மாறிப்போய்க் கண்ணாடி மாட்டிவிடவில்லை. குறிவைத்தல் பற்றிய கவலை நியாயம்தான். அந்த வாடை இல்லாத சொல் யாரிடமாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், தம்பி அன்று கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும்.