மறைந்த கணவரைப் பற்றி எழுதுகிறேன், ஒரு யோசனை வேண்டும்

வணக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பத்தொன்பது ஆண்டு மணவாழ்க்கையைப் புத்தகமாக்க உட்கார்ந்து, மூன்றாம் அத்தியாயத்திலேயே நின்றுவிட்டேன்.

என் கணவருக்கு ஆட்டிசம் இருந்தது. அது தெரியவந்தபோது அவருக்கு வயது 44. அதுவரை வீட்டில் அவருக்குத் 'திமிர் பிடித்தவர்' என்று பெயர், வைத்தவள் நான்தான். கல்யாண வீடுகளில் மேளச் சத்தம் தாங்காமல் பந்திக்கு முன்பே எழுந்து போய்விடுவார். மாம்பழப் பருவத்தில் வீட்டுக்கு வரும் பெங்களூரா காய்களை ஒவ்வொன்றாக எடைபோட்டு நோட்டில் குறிப்பார். எனக்குக் காய்ச்சல் என்றால் ஆறுதலாக ஒரு வார்த்தை வராது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டருடன் வந்து நிற்பார். அதை அன்பு என்று படிக்க எனக்கு அத்தனை வருடம் ஆனது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். இப்போது சிறிய தையல் கடை வைத்திருக்கிறேன். அந்த நோட்டுகளும் அங்கேதான் இருக்கின்றன.

என் சிக்கல் இது: ஆட்டிசத்தை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டால் அன்றைய என் கோபம் பொய்யாகிவிடுகிறது. பின்னால் சொன்னால், அதுவரை வாசகர் அவரை வெறுப்பார். ஆட்டிசத்தை ஒத்த ஒரு நிலைக்கு முன்பு தனியாக வைத்திருந்த ஆஸ்பெர்கர் என்ற பெயர் 2013இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் ஆட்டிசத்துக்குள் சேர்ந்துவிட்டது. மருத்துவர் எங்களிடம் சொன்னதோ பழைய பெயரை. எதை எழுதுவது?

இன்னொன்று, என் மாமியாருக்கு இதை எப்போது படித்துக்காட்டுவது? தன்வரலாறு எழுதியவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள், யாராவது சொல்லுங்கள். முதல் அத்தியாயத்தைப் படித்துப் பார்க்க இருவர் கிடைத்தாலும் போதும்.