லீத் எங்கே முடிகிறது, எடின்பரோ எங்கே தொடங்குகிறது?

கேள்வி: ஸ்காட்லாந்தில் எடின்பரோவையும் அதன் துறைமுகப் பகுதியான லீத்தையும் இணைக்கும் லீத் வாக் சாலையில் எல்லை எது? அஞ்சல் குறியீடு இஎச்6 என்றாலே லீத் என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில் 1: வேண்டாம், அது கடிதம் பிரிக்க வகுத்தது. பழைய நகராட்சி எல்லை பில்ரிக் தெரு சந்திப்பு. 1920-இல் லீத்தில் வாக்கெடுப்பு நடந்தது: எடின்பரோவோடு இணைப்பு வேண்டாம் என்றவர்களே மிகப் பெரும்பான்மை. அப்படியும் இணைத்துவிட்டார்கள். அதனால் லீத்காரரை எடின்பரோகாரர் என்று அழைக்குமுன் யோசியுங்கள்.

பதில் 2: பில்ரிக்கில் டிராமே மாற வேண்டியிருந்தது. லீத் பக்கம் 1905 முதல் மின்சார வண்டி. எடின்பரோ பக்கம் தரைக்கடியில் ஓடும் கம்பிவடம் இழுக்கும் வண்டி. ஒன்று மற்றதன் தடத்தில் போகாது. மழையானாலும் இறங்கித்தான் ஏற வேண்டும். இது 1922 வரை நீடித்தது.

பதில் 3: கிளாஸ்கோ நகரை ஒட்டிய ரதர்க்ளென் ஊர் இன்னும் சிக்கல். 1975-இல் கிளாஸ்கோவோடு சேர்த்தார்கள், 1996-இல் தெற்கு லனார்க்‌ஷயருக்கு மாற்றினார்கள். அஞ்சல் குறியீடு மட்டும் இன்றும் கிளாஸ்கோவின் ஜி73.