புதுப்பிப்பு: குழலில் இன்னும் ஒரு ஸ்வரம் கீழே

ஐந்து கட்டை (சுருதி அளவு) புல்லாங்குழலில் மந்தர ஸ்தாயியில், அதாவது கீழ் ஸ்தாயியில், இன்னும் ஒரு ஸ்வரம் இறங்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். அடியில் குழாய் சேர்க்கச் சொன்னீர்கள். வெறுமனே சேர்த்தால் பலனில்லை. கர்நாடகக் குழலில் எட்டாவது துளை விரல் படாமல் திறந்தே இருக்கும். ஸ்வரத்தைத் தரும் குழல் நீளம் ஏறக்குறைய அங்கேயே முடிந்துவிடும். அதைத் தேன்மெழுகால் அடைத்த பிறகுதான் குழல் இறங்கியது.

கணக்கு இதுதான்: அரை ஸ்வரம் இறங்க நீளம் சுமார் 6 சதவீதம் கூட வேண்டும், முழு ஸ்வரத்துக்கு 12. இங்கே கொழிஞ்சாம்பாறையில் ஆசாரி அண்ணன் ஒருவர் அதே உள்விட்டத்தில் மூங்கில் துண்டு கடைந்து கொடுத்தார். அருமையான கை! இணைப்பில் நூல் சுற்றி மெழுகு பூசினேன். அங்கே துளி கசிந்தாலும் கீழ் ஸ்வரம் பேசாது.

பழைய கடைசி ஸ்வரத்துக்கு இப்போது தனித் துளை இல்லை. சுண்டுவிரலால் ஏழாவது துளையைப் பாதி மூடி வரவழைக்கிறேன். புது ஸ்வரம் மெலிவுதான். கொஞ்சம் அழுத்தி ஊதினாலும் மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது. உதட்டைத் தளர்த்தி ஊதினால் ஆலாபனையில் நின்று பேசுகிறது, பிருகாவுக்கு (வேகமான ஸ்வர ஓட்டத்துக்கு) ஆகாது.

கர்நாடக மேடைக்கு நீண்ட குழலைக் கொண்டுவந்தவர் புல்லாங்குழல் கலைஞர் என். ரமணி. அந்த வழியே சரி என்று படுகிறது. அகலமான மூங்கிலில், இதைவிடத் தாழ்ந்த சுருதியில், இரண்டு கட்டைக் குழல் ஒன்று அண்ணனிடம் கேட்டிருக்கிறேன்.