பிசிஎஸ்1 ஜீனைத் திருப்பிக் கொடுத்தும் கிளிசராலில் வளராத ஈஸ்ட்

ஈஸ்டில் நான் முதன்முதலாக நீக்கிய ஜீன் பிசிஎஸ்1. அது செய்யும் வேலை எனக்கு இன்றும் வியப்புதான். சுவாசச் சங்கிலியின் மூன்றாவது கூட்டமைப்பு இயங்க ரீஸ்கி என்ற இரும்பு-கந்தகப் புரதம் தேவை. அது மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளறைக்குப் போய், இரும்பு-கந்தகக் கொத்தை ஏற்று, மடிந்து முழு வடிவம் பெற்றபின், கொத்து உள்ள பகுதி உள்சவ்வைத் தாண்டி மறுபுறம் வரவேண்டும். மடிந்த புரதத்தை அப்படியே சவ்வு வழியாகக் கடத்துவது லேசான காரியம் இல்லை. ஏழு பிசிஎஸ்1 மூலக்கூறுகள் வளையமாகச் சேர்ந்து, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து அதைச் செய்கின்றன.

இந்த ஜீன் இல்லாத ஈஸ்ட் குளுக்கோஸில் நொதித்தலை வைத்துப் பிழைத்துக்கொள்ளும், சுவாசம் இருந்தால்தான் பயன்படும் கிளிசராலில் வளராது. என் பிளேட்டிலும் வளரவில்லை. சரி, பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்து ஜீனைப் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது வளர்ந்தாக வேண்டும். மூன்று நாள் பார்த்தேன், ஒரு வாரம் பார்த்தேன். பிளேட் வெறுமையாகவே இருந்தது.

பிளாஸ்மிடின் வரிசையைச் சரிபார்த்தேன், பிழை இல்லை. ஜீனை இயக்கும் புரொமோட்டரை மாற்றினேன். ஊடகத்தைப் புதிதாகத் தயாரித்தேன். இரண்டு மாதம் இப்படியே போனது. அப்புறம்தான் லேபில் மூத்த ஆராய்ச்சியாளர் அக்கா ஒருவர் கேட்டார்: "உன் ஸ்ட்ரெயின் ரோ பிளஸ்தானா, பார்த்தியா?"

மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ முழுதாக இருக்கும் ஈஸ்ட் வகைதான் (ஸ்ட்ரெயின்) ரோ பிளஸ். நான் அதைப் பார்க்கவே இல்லை. ஈஸ்டின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் எட்டே எட்டுப் புரதங்களுக்குத்தான் குறியீடு உண்டு. ஆனால் மூன்றாவது, நான்காவது கூட்டமைப்புகளின் மையப் பகுதிகள் அதில்தான் இருக்கின்றன. அந்த டிஎன்ஏ தொலைந்துவிட்டால் செல்லின் கருவில் எந்த ஜீனைத் திருப்பிக் கொடுத்தாலும் சுவாசம் வராது. 1949-ல் பாரிஸில் போரிஸ் எஃப்ருஸி குழு 'பெத்தீத்' என்று பெயரிட்டு விவரித்த சிறு காலனிகளில் நேர்ந்திருப்பதும் இதுதான். பிசிஎஸ்1 இல்லாத காலனியும் சிறிதாகவே இருக்கும் என்பதால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

அக்கா சொல்லிக் கொடுத்த சோதனை எளிது. கருவில் எல்லா ஜீன்களும் சரியாக இருந்து, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மட்டும் இல்லாத ஓர் எதிர்ப்பாலின ஸ்ட்ரெயினோடு நம்முடையதை இணைக்க வேண்டும். நம்மிடம் அந்த டிஎன்ஏ பத்திரமாக இருந்தால், பிறக்கும் இரட்டைப் பிரதிச் செல் (டிப்ளாய்டு) கிளிசராலில் வளரும். என்னுடையது வளரவில்லை. டிஎன்ஏவை ஒளிரவைக்கும் டாப்பி சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். கரு மட்டும் ஒளிர்ந்தது. சுற்றிலும் தெரியவேண்டிய மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் சின்னச் சின்னப் புள்ளிகள் ஒன்றுகூட இல்லை.

இந்த முறை ஒரு பிரதியில் மட்டும் ஜீன் நீக்கிய டிப்ளாய்டிலிருந்து தொடங்கினேன். அது பிரிந்து தந்த நான்கு ஒற்றைப் பிரதி வித்துகளில் (ஸ்போர்களில்) இரண்டு கிளிசராலில் வளர்ந்தன, இரண்டு வளரவில்லை. வளராதவற்றை முதலில் அந்த இணைப்புச் சோதனையில் தேற்றி, பிறகே பிளாஸ்மிடைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை கிளிசரால் பிளேட் நிறையக் காலனிகள்!

இதை எழுதக் காரணம், மனிதரில் இதற்கு இணையான பிசிஎஸ்1எல். அதில் வரும் ஒரு மாற்றம் பின்லாந்துக் குழந்தைகளில் கிரேசில் என்ற கொடிய நோயைத் தருகிறது. பலர் பிறந்த சில நாட்களிலோ மாதங்களிலோ இறந்துவிடுகிறார்கள். இத்தகைய மாற்றங்களை ஈஸ்டில் சோதிக்கும்போது ரோ நிலையைப் பார்க்காமல் விட்டால், தீங்கற்ற மாற்றத்துக்கும் நோய்க்காரணம் என்ற முத்திரை விழும். உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

மறுமொழி:
எனக்கு நேர்ந்தது ஏடிஇ2 ஜீன் பழுதாகி, சிவப்பாக வளரும் ஸ்ட்ரெயினில். சிவப்புக் காலனிகளுக்கு நடுவே வெள்ளையாகச் சில வந்தன. வேறு கிருமி புகுந்துவிட்டது என்று இரண்டு தடவை பிளேட்டுகளைக் கொட்டிவிட்டேன். அந்தச் சிவப்பு நிறமி உருவாகச் சுவாசம் வேண்டும், பெத்தீத்கள் வெள்ளையாகவே இருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. நீங்கள் எஸ்288சி என்ற பரவலான ஆய்வக ஈஸ்டின் வழி வந்த ஸ்ட்ரெயினையா பயன்படுத்தினீர்கள்? மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை நகலெடுக்கும் அதன் எம்ஐபி1 பாலிமரேஸில் 661-வது இடத்தில் அலனைன் என்ற அமினோ அமிலம் இருப்பதால் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ எளிதில் தொலையும்.

பதில்:
ஆமாம், அதே வழிதான். இப்போது உறையவைக்கும் முன் ஒரு தடவை, எடுத்து வளர்த்ததும் ஒரு தடவை கிளிசராலில் தேய்த்துப் பார்க்கிறேன். பிசிஎஸ்1 நீக்கியவற்றுக்கு மட்டும் இணைப்புச் சோதனை.